முதல் சட்டி

மார்ச் 3, செவ்வாய்

காலையில் தாளாளர் கூப்பிட்டார். கூப்பிட்டார் என்றால், அவர் போனில் பேசி முடிப்பதை அவர் அறையில் ஏழு பேராசிரியர்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தோம் என்று பொருள். அர்த்தநாரி அவர்களுக்கு முதலில் அரிசி ஆலை இருந்தது, பிறகு லாரிகள் இருந்தன, இப்போது பொறியியல் கல்லூரி இருக்கிறது. மூன்றையும் ஒரே மாதிரிதான் நடத்துகிறார்.

விஷயம் இதுதான். ஏப்ரல் கடைசியில் கல்லூரிக்குத் தரம் போட ஒரு குழு வருகிறது. வளாகத்தில் பசுமைக் கட்டடம் ஒன்று இருந்தால் மதிப்பெண் உண்டு என்று யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள். உடனே என் ஞாபகம் வந்துவிட்டது. பன்னிரண்டு வருடமாகச் சோதனைக்கூடத்தின் கடைசி அறையில் நான் என்ன கிண்டிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"பூங்கோதை மேடம், அந்தச் சாம்பல் கான்கிரீட்ல ஒரு கூரை போட முடியுங்களா?"

"போடலாம் சார். அது பேர் ஜியோபாலிமர்."

"பேர் கிடக்குதுங்க. சிமெண்ட்டே கிடையாதுங்கிறது நெசந்தானே?"

நிஜம்தான். மின் நிலையச் சாம்பல், இரும்பு உலைக் கசடை அரைத்த தூள், இரண்டையும் பிடித்து இறுக்க ஒரு காரக் கரைசல். சிமெண்ட் ஒரு சிட்டிகைகூட இல்லை. இதை அவருக்கு விளக்கினேன். அவர் நடுவில் இரண்டு முறை போன் எடுத்தார்.

எங்கே போடுவது என்று பேச்சு வந்தது. நூலகத்துக்கு வேண்டாமாம். கேண்டீனுக்கும் வேண்டாமாம். துப்புரவுப் பெண்களுக்கு ஓய்வறை என்று நாலு சுவர் எழுப்பி, கூரை இல்லாமல் இரண்டு வருடமாகக் கிடக்கிறதே, அது ஞாபகம் வந்தது துணை முதல்வருக்கு. "அங்கயே போடலாம் சார். ஏதாவது ஆனாக்கூட முக்கியமானவங்க யாரும் கீழ இருக்க மாட்டாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அறையில் சிரிக்காமல் உட்கார்ந்திருப்பது சுலபமில்லை.

வீட்டுக்கு வரும்போது பொட்டுக்கடலையும் பெருங்காயமும் வாங்கினேன்.

மார்ச் 5, வியாழன்

பாவாயி வந்தாள். துப்புரவுப் பெண்கள் ஐந்து பேருக்கும் அவள்தான் தலைவி, யாரும் தேர்ந்தெடுக்காத தலைவி. துடைப்பத்தை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்து நின்றாள்.

"மேடம், எங்க ரூமுக்குச் சாம்பல்ல கூரை போடறாங்களாமே. மழைக்குக் கரைஞ்சிடாதுங்களா?"

துணை முதல்வருக்கு இந்த அளவு சந்தேகம்கூட வரவில்லை என்பதை நினைத்துக்கொண்டு, ஷெல்பில் இருந்த பழைய கனசதுரக் கட்டி ஒன்றை எடுத்துக் கீழே வைத்து, சுத்தியலை அவள் கையில் கொடுத்தேன். "அடி" என்றேன். அடித்தாள். மறுபடி அடித்தாள். சுத்தியல் எகிறியது, கட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது அடியை யார் மேலோ இருந்த கோபத்தில் அடித்தாள் என்று தோன்றியது.

"நீங்க இதுக்குக் கீழ உட்காருவீங்களா மேடம்?"

"உட்காருவேன். படுத்தும் தூங்குவேன்."

"அப்ப சரிங்க."

அதோடு போயிருக்கலாம். போகவில்லை. ராசாத்தி கைக்குழந்தையோடு வேலைக்கு வருகிறாளாம், கூரையில் ஒரு கொக்கி வைத்தால் தூளி கட்டிக்கொள்ளலாமாம். இப்போது ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால் வேப்பமரக் கிளையில் கட்டுகிறார்கள், எறும்பு ஏறுகிறதாம். உடை மாற்றுவதும் அங்கேயேதான். நான் கட்டுவது ஆராய்ச்சிக் கூரை, தொட்டில் மண்டபம் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். கட்டியைக் கேட்டாள், கதவுக்கு முட்டுக் கொடுக்க. எடுத்துக்கொண்டு போ என்றேன்.

மார்ச் 9, திங்கள்

கேஸ் தீர்ந்தது. சிலிண்டர் வரும்வரை இண்டக்‌ஷன் அடுப்பில் தோசை. வட்டமாக வரமாட்டேன் என்கிறது.

மார்ச் 16, திங்கள்

எஸ்தர் இன்று கலவையை மூன்று முறை போட்டுப் பார்த்தாள். என் ஆராய்ச்சி மாணவி. மாணவி என்றால் முப்பத்து மூன்று வயது, இரண்டு பிள்ளைகள், காலை முதல் பஸ்ஸில் ஓமலூரிலிருந்து வருகிறவள். இந்தக் கூரையின் கணக்குதான் அவளுடைய ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம். கை சுத்தம், வாய் கம்மி. கல்லூரியில் இந்த இரண்டும் சேர்ந்து இருக்கிற ஒரே ஆள்.

இந்த வெயிலில் கலவை நாற்பது நிமிடத்துக்குள் இறுக ஆரம்பித்துவிடுகிறது. கசடு அதிகம், அதனால். கசடைக் குறைத்தால் அடுப்பில் வைத்துச் சூடாக்கினால்தான் இறுகும், கூரையை எந்த அடுப்பில் வைப்பது? நாற்பது நிமிடம் போதும். கலக்கிய கையோடு கொட்டிச் சமன் செய்துவிட்டால், மறுநாள் அதன்மேல் யானை நிற்கும்.

தாளாளரிடம் நேரில் சொன்னேன். வெள்ளிக்கிழமை நல்ல நேரம் ஒன்பதே காலிலிருந்து பத்தே காலாம். தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற முத்தையன் வந்து முதல் சட்டி போடுவாராம்.

"அவர் வந்த பிறகுதான் சார் கலக்கணும். கலக்குனா காத்திருக்காது. தண்ணியும் விடக்கூடாது. இறுகிட்டா இறுகினதுதான்."

"அதுக்கென்னங்க. வந்தாரு, போட்டாரு, போட்டோ எடுத்தோம், முடிஞ்சுது."

இவருக்குச் சொன்னதற்குச் சுவரிடம் சொல்லியிருந்தால் சுவராவது எதிரொலித்திருக்கும்.

மார்ச் 19, வியாழன்

காரக் கரைசலை முந்தின நாளே தயாரித்து ஆறவைக்க வேண்டும். கார வில்லைகளைத் தண்ணீரில் போட்டதும் கொதிக்கிற மாதிரி சூடாகும். மேஸ்திரி மாதையன் கையுறை போட மாட்டேன் என்றார். முப்பது வருஷமாகச் சிமெண்ட்டில் ஊறின கையாம். ஒரு சொட்டு தெறித்ததும் போட்டுக்கொண்டார். சொன்னால் புரியாது, சுட்டால் புரியும், ஆண்களே இப்படித்தான்.

கம்பி கட்டி முடிந்தது. நடுவில் விசிறிக்கு ஒரு கொக்கி இருக்கிறது. ஓரமாக, காற்று வரும் ஜன்னல் பக்கம், இன்னொன்றும் இருக்கிறது. யார் வைக்கச் சொன்னார்களோ.

மார்ச் 20, வெள்ளி

ஒன்பது மணிக்குச் சாமியானா, மேளம், வாழைமரம், தாம்பாளத்தில் தேங்காய் பழம், கூடவே பட்டுத்துணி சுற்றிய ஒரு இரும்புச் சட்டி. கான்கிரீட் சட்டிக்குப் பட்டுத்துணி. எனக்குக் கல்யாணத்தில் எடுத்த பட்டு இதைவிடச் சுமார்தான்.

ஒன்பதேகாலுக்கு முத்தையன் வரவில்லை. மேட்டூர் ரோட்டில் வந்துகொண்டிருக்கிறார் என்றார்கள். அவர் இறங்கும்போது கலவை தயாராக இருக்க வேண்டும், "பெரியவரை நிக்க வெக்கிறதா" என்று தாளாளர் மிக்சரை ஓட்டச் சொன்னார். வேண்டாம் என்று சொன்னேன். ஓட்டினார்கள். முதல் கலவை அருமையாக வந்தது, உருக்கிய வெல்லம் போல வழவழவென்று. எஸ்தர் அதிலிருந்து சோதனைக்கட்டிகளுக்கு அச்சில் நிரப்பி எடுத்துக்கொண்டு போனாள்.

பிறகு எல்லோரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பெரியவர் மேட்டூர் ரோட்டில் இல்லை, தாளாளர் வீட்டில் பொங்கலும் வடையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. பத்து மணிக்கு மேல் வந்தார். அதற்குள் மிக்சர் முனக ஆரம்பித்துவிட்டது. மாதையன் கரண்டியை விட்டுப் பார்த்தார், கரண்டி அப்படியே நின்றது. நல்ல நேரம் முடியப் போகிறது என்று ஐயர் அவசரப்படுத்தினார். நாதஸ்வரக்காரர் பெரியவரைப் பார்த்ததும் வாசிப்பை உச்சத்துக்குக் கொண்டுபோனார்.

"கொஞ்சம் தண்ணி விட்டு இளக்குப்பா" என்றார் தாளாளர்.

மாதையன் வாளியைத் தூக்கிக்கொண்டு நின்றார். அவருக்கு ஒரு தலையாட்டல் வேண்டியிருந்தது. கிடைத்தது. எஸ்தர் ஏதோ சொன்னாள், மேளச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.

பெரியவர் முதல் சட்டியைப் போட்டார். கலவை நன்றாக ஓடியது, போட்டோவும் நன்றாக வந்திருக்கும். கைதட்டினார்கள். மேஸ்திரிகளுக்கு ஒரு முறை தண்ணீர் விட அனுமதித்தால் போதும், இரண்டாவது முறை கேட்க மாட்டார்கள். அடுத்தடுத்த கலவை எல்லாவற்றிலும் விட்டார்கள். என் கலவை பிசின் மாதிரி ஒட்டும், கை வலிக்கும். தண்ணீர் விட்டால் கை வலிக்காது. கூரை முடிந்தபோது மேலே கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. பெரியவர் என்னைக் கூப்பிட்டு, "சிமெண்ட்டே இல்லையா, பேஷ்" என்று முதுகில் தட்டாத குறையாகப் பாராட்டினார்.

கேசரி கொடுத்தார்கள். டால்டா கேசரி.

மார்ச் 21, சனி

வாஷிங் மெஷினில் தண்ணீர் வடியவில்லை. பைப்பில் வீட்டுக்காரருடைய ஒற்றைச் சாக்ஸ்.

மார்ச் 27, வெள்ளி

ஏழாம் நாள் சோதனை. கட்டிகளை இயந்திரத்தில் வைத்து நசுக்கினோம். நான் நினைத்ததைவிடவும் அதிகம் தாங்கின. சிமெண்ட் இருபத்தெட்டு நாளில் காட்டுவதை என் கட்டிகள் ஏழு நாளில் காட்டின. பன்னிரண்டு வருடத்தில் இப்படி ஒரு எண் வந்ததில்லை.

எஸ்தர் எண்ணைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "மேடம், இது மொதல் கலவைக் கட்டிங்க" என்றாள்.

"எனக்குத் தெரியும்" என்றேன். அதற்குமேல் அவளும் பேசவில்லை. இந்தப் பெண்ணுக்கு வாய் கம்மி என்று எழுதினேன், வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பேசாமல் இருப்பதிலேயே நிறைய பேசுகிறாள்.

அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். கட்டிகளைப் பற்றிய அறிக்கைதானே. அதில் உள்ள ஒவ்வொரு எண்ணும் உண்மை. தாளாளர் அறையில் லட்டு. செங்கல் கம்பெனிக்காரர் ஒருவர் வந்திருந்தார், என் கலவையை வாங்கித் தொழிற்சாலை போடப் போகிறாராம். எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது?

மார்ச் 31, செவ்வாய்

வெயில் அதிகம். ஓய்வறைப் பக்கம் போகவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

போகவில்லை. விடைத்தாள் திருத்தும் வேலை. "கான்கிரீட் என்பது என்ன?" என்ற கேள்விக்கு ஒருவன், "கான்கிரீட் மிகவும் கடினமானது, ஆகவே அதைப் படிப்பதும் கடினமானது" என்று எழுதியிருக்கிறான். இவன் நாளைக்குப் பாலம் கட்டுவான்.

ஏப்ரல் 7, செவ்வாய்

சனிக்கிழமை கூரையைத் தாங்கிய முட்டுக்களைப் பிரித்துவிட்டார்களாம். பாவாயி சொல்லித்தான் தெரியும்.

"கூரை நல்லா இருக்குதுங்க மேடம். ஆனா கூட்டறப்ப மேலருந்து மாவு மாதிரி கொட்டுதுங்க. காலையில கூட்டுனா சாயங்காலம் மறுபடி கொட்டிக் கிடக்குது."

"புதுசுன்னா அப்படித்தான் கொட்டும்."

"ஓரத்துல வெள்ளையா உப்புப் பூத்தாப்பல இருக்குதுங்களே?"

"உனக்கு எதுக்கு அதெல்லாம்? கூட்டறது உன் வேலை, கூரை என் வேலை."

சொல்லிவிட்டேன். நான் கூடத் தாளாளர் குரலில் பேச முடியும் என்று தெரிந்தது. அவள் கோபப்படவில்லை, அதுதான் எரிச்சல். கொக்கிக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள். நான் வைக்கவில்லை என்றேன். "மேஸ்திரி சொன்னாருங்க" என்றாள். மாதையனுக்கு வாயில் பூட்டே கிடையாது.

ஏப்ரல் 8, புதன்

கல்லூரி விட்ட பிறகு போனேன், எஸ்தரையும் கூட்டிக்கொண்டு. ஏணி போட்டு ஏறி அடிப்பக்கத்தை ஒரு ஆணியால் கீறினேன். பள்ளிக்கூடச் சாக்பீஸைக் கீறுகிற மாதிரி கோடு விழுந்தது. கீறிய பொடி முகத்தில் கொட்டியது. கான்கிரீட்டின் உறுதியைத் தட்டிப் பார்க்கும் கைச் சுத்தியல் கருவியை வைத்து எஸ்தர் பதினைந்து இடத்தில் பார்த்தாள். ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். பாதிக்கு மேல் போதும் என்றேன். அவள் பதினைந்தும் சொல்லி முடித்தாள்.

"யாரு தண்ணி விடச் சொன்னதுன்னு அந்த அர்த்தநாரியைக் கேக்கணும்" என்றேன்.

எஸ்தர் ஏணியிலிருந்து இறங்கினாள். "அவரு சொன்னாருங்க மேடம். ஆனா மேஸ்திரி அவரைப் பாக்கல, உங்களைத்தான் பார்த்தாரு. நான் வேண்டாம் மேடம்னு சொன்னேன். நீங்க என்னைத் திரும்பிப் பார்த்தீங்க. அப்புறந்தான் தலையாட்டினீங்க."

மேளம் அன்றைக்கு அவ்வளவு சத்தமாகத்தான் இருந்தது.

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

ஏப்ரல் 10, வெள்ளி

தாளாளரிடம் போனேன். கூரையில் துளை போட்டு ஒரு துண்டை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றேன்.

"புதுக் கட்டடத்துல ஓட்டை போடறதா? கமிட்டி வர்ற நேரத்துலயா?"

"கூரையில சத்து இல்ல சார். தண்ணி விட்டது கெடுத்துடுச்சு."

"மேடம், ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டது யாருங்க? நானா?" அலமாரியில் மிச்சமிருந்த லட்டை எடுத்து நீட்டினார். "நிக்குதில்லங்க? நிக்கிற கூரையை ஏன் கெடுக்கறீங்க? கமிட்டி வந்து போனதும் கம்பெனிக்காரன் ஒப்பந்தம் போடறான். உங்க பேருதான் அதுல மொதல்ல இருக்குது."

லட்டை வாங்கிக்கொண்டேன். வெளியே வந்து குப்பைத்தொட்டியில் போட்டேன்.

அந்த மனுஷனை எனக்குப் பிடிக்காது, ஆனால் அவர் என்னைச் சரியாக எடை போட்டுவைத்திருக்கிறார். இந்தக் கூரை தோற்றது என்று சொன்னால், தண்ணீர் விட்டதால் தோற்றது என்பதை ஒருவனும் கேட்கமாட்டான். சிமெண்ட் இல்லாததால் தோற்றது என்பான். பிறகு இந்த மாவட்டத்தில் சாம்பலை மூக்குப்பொடிக்குக்கூட எவனும் வாங்க மாட்டான். பன்னிரண்டு வருடம் போய்விடும். எஸ்தருடைய அத்தியாயமும் போய்விடும்.

சொல்லாவிட்டால் என்ன ஆகும்? நாளைக்கே விழாது. அடுத்த வருடமும் விழாமல் இருக்கலாம். மழை ஊறி, கம்பி துருப்பிடித்து, என்றைக்கோ ஒரு நாள், தூளி கட்டியிருக்கிற பக்கமாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

ஏப்ரல் 13, திங்கள்

இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "என்ன ஒரு வாரமா நெல்லுக்குத்துற மாதிரி வீட்டுக்குள்ள நடக்கறே?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லை என்று சொன்னால் நம்பிவிடுகிற ஆளைத்தான் எங்கள் வீட்டில் எனக்குப் பார்த்துக் கட்டிவைத்தார்கள்.

ஏப்ரல் 20, திங்கள்

திறப்பு விழா வெள்ளிக்கிழமை. குழு வரும் அன்றே. ஒரு யோசனை தோன்றியது, காலையிலிருந்து எனக்கே சிரிப்பாக இருக்கிறது.

தாளாளரிடம் போய், "சார், சும்மா ரிப்பன் வெட்டினா கமிட்டிக்கு என்ன தெரியும்? கூரைமேல பாரம் ஏத்திக் காட்டுவோம். விதிப்படி எவ்வளவு தாங்கணுமோ அவ்வளவு மூட்டை. கீழ நாற்காலி போட்டு நீங்களும் பெரியவரும் உட்கார்ந்து விழாவை நடத்துங்க. போட்டோவுக்கு எடுப்பா இருக்கும்" என்றேன்.

"பிரமாதம்ங்க" என்றார். போட்டோ என்ற சொல்லுக்கு அந்த மனுஷன் கிணற்றிலும் குதிப்பார். வெள்ளிக்கிழமை உள்ளே கால் வைக்கும்போது பார்க்கலாம்.

ஏப்ரல் 24, வெள்ளி

முப்பத்தைந்து மூட்டைச் சாம்பலை மாதையனின் ஆட்கள் காலையிலேயே கூரையில் ஏற்றிவிட்டார்கள். கீழே சிவப்பு வெல்வெட் நாற்காலிகள் ஆறு. நடுவில் உள்ளதில் தாளாளருக்குத் துண்டு விரித்திருந்தது. ஒரு மூலையில் கதவுக்கு முட்டாக என் பழைய கட்டி. ஐந்து பெண்களும் புதுச் சீருடைப் புடவையில் வாசலுக்கு வெளியே நின்றார்கள். ராசாத்தி இடுப்பில் குழந்தை, தோளில் தூளிக்கு ஒரு பழைய சின்னாளப்பட்டிப் புடவை.

ரிப்பன் வெட்டினார்கள். குழுவிலிருந்து மூன்று பேர், பெரியவர், தாளாளர், எல்லோரும் வாசல்வரை வந்தார்கள். நான் உள்ளே போகும்படி கையைக் காட்டினேன்.

தாளாளர் மேலே பார்த்தார். நடுவிலிருந்து ஜன்னல் பக்கமாக ஒரு முடி போன்ற கோடு ஓடியிருந்தது. நேற்றுவரை அது இல்லை. தரையிலும் வெல்வெட் மேலும் வெள்ளைப் பொடி.

"உள்ள புழுக்கமா இருக்கும்போல. வெளிய நிழல்லயே வெச்சுக்கலாமே, என்னங்க சார்?" என்றார் பெரியவரைப் பார்த்து.

பெரியவர் முப்பது வருடம் கூரைகளைப் பார்த்தவர். அவரும் மேலே பார்த்தார். "ஆமாமா, காத்தோட்டமா இருக்கட்டும்" என்றார். துணை முதல்வர் ஓடிப்போய் நாற்காலிகளை ஒவ்வொன்றாக வெளியே தூக்கிவந்தார். தூக்கும்போது தலையைக் குனிந்துகொண்டே தூக்கினார். எனக்கு உள்ளுக்குள் வாத்தியமே முழங்கியது. குழுவினர் முகத்தைப் பார்த்தேன். இனி நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, அவர்களே புரிந்துகொள்வார்கள், என் வாயால் என் கூரையை நான் குறை சொன்னதாக இருக்காது என்று நினைத்தேன்.

ஒருவேளை அவர்கள் தைரியமாக உள்ளே உட்கார்ந்திருந்தால்? எழுப்பியிருப்பேன். எழுப்பியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

குழுவினருக்கு ஒன்றும் புரியவில்லை. இளநீர் வந்தது, குடித்தார்கள். மைக்கில் தாளாளர், "எங்கள் பேராசிரியை பூங்கோதையின் கண்டுபிடிப்பு" என்று ஆரம்பித்தார். செங்கல் கம்பெனிக்காரர் கை தட்டினார். நான் எழுந்து வணக்கம் சொன்னேன். வணக்கமும் சொன்னேன் என்பதை எழுதிவைக்கிறேன்.

அப்போதுதான் பாவாயி வரிசையை விட்டு வந்தாள். மைக் கிட்ட வரவில்லை, என் நாற்காலி கிட்ட வந்தாள். மெதுவாகத்தான் கேட்டாள், ஆனால் பக்கத்தில் எல்லோருக்கும் கேட்டது.

"மேடம், அவங்கெல்லாம் வெளிய உட்காந்துட்டாங்க. அது அவங்க இஷ்டம். நீங்க உட்காருவீங்களா? அன்னைக்குச் சொன்னீங்களே."

தாளாளர் மைக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். உட்காருவேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் போய்விடுவாள், ராசாத்தி தூளியைக் கட்டிவிடுவாள். அவள் என்னை நம்புவாள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ பேரை எத்தனையோ கேவலமாக நினைத்து இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். அந்த ஒரு நிமிடம் நான் இருந்த நிலைக்கு அவர்கள் யாரும் பக்கத்தில்கூட வரமாட்டார்கள்.

"மாட்டேன்" என்றேன். "யாரும் உட்காரக்கூடாது. கலவையில தண்ணி விட்டுட்டோம். நான்தான் விடச் சொன்னேன். இந்தக் கூரையை உடைக்கணும்."

ராசாத்தி தோளிலிருந்த புடவையை எடுத்து மடித்தாள். பாவாயி தலையைக்கூட ஆட்டவில்லை. திரும்பி ஜெனரேட்டர் கொட்டகைப் பக்கம் நடந்தாள், மற்ற நாலு பேரும் பின்னால் போனார்கள். மைக் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 27, திங்கள்

விளக்கம் கேட்டு மெமோ. ஒப்பந்தம் இல்லை. சோதனைக்கூடத்துக் கடைசி அறை விளையாட்டுச் சாமான்கள் வைக்கத் தேவைப்படுகிறதாம்.

எஸ்தரிடம், உன் அத்தியாயத்தைக் கெடுத்துவிட்டேன் என்றேன். "தண்ணி விட்டா என்ன ஆகும்னு பதினைஞ்சு எடத்துல எடுத்து வெச்சிருக்கேங்க மேடம். அதையே எழுதறேன்" என்றாள். எனக்கு ஆறுதல் சொல்ல அவள் மெனக்கெடவில்லை. நல்ல பெண்.

மே 6, புதன்

கூரையை உடைத்தார்கள். ஒரு நாள் முழுக்க ஆகும் என்று எண்ணியிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது.

மே 22, வெள்ளி

இன்று அங்கே சிமெண்ட் கூரை. என்னை யாரும் அழைக்கவில்லை. போனேன்.

அதே சாமியானா, அதே பட்டுத்துணிச் சட்டி, வேறு ஒரு விருந்தினர். அவரும் தாமதம். நேரத்துக்கு வருகிறவனை இந்த ஊரில் விருந்தினர் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சிமெண்ட் கலவை மிக்சரில் காத்துக்கொண்டிருந்தது. அதற்கு அந்தக் குணம் உண்டு, எவன் தாமதித்தாலும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் மே மாத வெயிலில் அதற்கும் ஒரு அளவு இருக்கிறது. விருந்தினர் வந்து இறங்கியபோது கலவை கெட்டிப்பட்டிருந்தது. மாதையன் வாளியைத் தூக்கினார்.

தாளாளர் என் பக்கம் திரும்பவே இல்லை. மாதையன் திரும்பினார், பழக்கம்.

"வாளியைக் கீழ வைங்க மேஸ்திரி" என்றேன். "அதைக் கொட்டிட்டுப் புதுசாக் கலக்குங்க."

"கெஸ்ட்டு நிக்கறாருங்க மேடம்."

"நிக்கட்டும்."

நாதஸ்வரம் நின்றுவிட்டது. தாளாளர் பல்லைக் கடித்தது எனக்குக் கேட்டது. விருந்தினர் பட்டுத்துணிச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றார். மாதையன் பழைய கலவையை மண்ணில் கொட்டி, புதிதாகப் போட்டார். முதல் சட்டியிலிருந்து கடைசிச் சட்டிவரை மிக்சர் பக்கத்திலேயே நின்றேன். கொட்டத் தொடங்கும் முன்பே, கம்பியில் கொக்கி இரண்டும் கட்டியிருக்கிறதா என்று மேலே ஏறிப் பார்த்திருந்தேன். ஜன்னல் பக்கத்துக் கொக்கியை நான்தான் வைக்கச் சொன்னேன், போன தடவையும்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு பாவாயி வந்தாள். அன்றைக்குப் பிறகு அவள் என்னோடு பேசியதில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஈரக் கூரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இதுக்குக் கீழ உட்காருவீங்களா மேடம்?"

மிக்சரை நினைத்துப் பார்த்தேன், ஒவ்வொரு சட்டியையும் நினைத்துப் பார்த்தேன்.

"உட்காருவேன்" என்றேன்.

"அப்ப சரிங்க" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள்.